நிமிடத்துக்கு நாற்பது சொட்டு

எங்கள் ஆஸ்பத்திரியில் ஏசி இருந்த இடங்கள் மொத்தம் மூன்று. ஆபரேஷன் தியேட்டர், பிணவறை, என் அறை. முதல் இரண்டிலும் உட்கார்ந்து டீ குடிக்க முடியாது என்பதால் ஆஸ்பத்திரி முழுக்க என் அறைக்குத்தான் வந்தது. வேலை இருக்கிறவன், இல்லாதவன், வேலை இருந்தும் செய்யாதவன் எல்லாரும் வருவார்கள். "சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்பார்கள். என்னைப் பார்க்கவா வந்தார்கள், காற்று வாங்க வந்தார்கள்.

என் அறை என்றால் ரத்த வங்கியின் கடைசி அறை, தட்டணுக்களின் அறை. பையில் எடுத்த ரத்தத்தை மெஷினில் போட்டுச் சுழற்றினால் சிவப்பு அடியில் தங்கும், மேலே மஞ்சளாக நீர் நிற்கும். அந்த மஞ்சளில்தான் ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் மிதக்கின்றன. அவை குறைந்துபோனவருக்குப் பல் துலக்கினாலே ரத்தம் நிற்காது. சிவப்புப் பைகளை ஃப்ரிட்ஜில் அடுக்கிவிட்டு மறந்துவிடலாம். தட்டணுவை அப்படி வைக்க முடியாது, குளிர்ந்தால் கெட்டுப்போகும். இருபத்திரண்டு டிகிரியில், ஆட்டுகிற மெஷினின் தட்டில், ராப்பகலாக ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆயுள் ஐந்தே நாள். கைக்குழந்தையைத் தொட்டிலில் போட்டுப் பார்த்துக்கொள்கிற வேலைதான்.

அந்தத் தொட்டிலை நிறுத்தினவர்கள் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். ஒருமுறை ரத்த வங்கியின் பெரிய டாக்டரே போன் பேச இரைச்சலாக இருக்கிறதென்று மெஷினை அணைத்துவிட்டார். "சார், போனை வெளியே போய்ப் பேசுங்க. இது வெளியே போகாது" என்றேன். அவர் வெளியே போய்ப் பேசினார். எனக்குக் கோபம் வந்தால் எதிரில் நிற்பது யாரென்று பார்க்க மாட்டேன். அது நல்ல குணமா கெட்ட குணமா என்று இந்தக் கதை முடிவதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும்.

மத்தியானம் ஒரு மணியானால் சொட்டு வருவாள். குழந்தைகள் வார்டு நர்ஸ், என்னைவிட மூன்று வயது சின்னவள். யாருக்கு டிரிப் ஏற்றினாலும் கைக்கடிகாரத்தைப் பார்த்து, உதட்டை அசைத்து, ஒரு நிமிடம் முழுதாகச் சொட்டுகளை எண்ணாமல் நகர மாட்டாள். மற்ற நர்ஸுகள் கண்ணாலேயே அளந்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். இவள் நிற்பாள். அதனால் வார்டு வைத்த பெயர் சொட்டு. நான் தட்டணுக்காரி என்பதால் தட்டக்கா. நாங்கள் இருவரும் வராந்தாவில் சேர்ந்து நடந்தால், "தட்டும் சொட்டும் போகுது பார்" என்பார்கள். சிரித்துக்கொண்டேதான் போவோம்.

ஒரே டப்பாவில் சாப்பிடுவோம். அவள் கொண்டுவந்ததில் பாதி எனக்கு, நான் கொண்டுவந்ததில் முக்கால்வாசி அவளுக்கு, ஏனென்றால் என் சமையலை நானே முழுதாகச் சாப்பிட மாட்டேன். பக்கத்தில் மெஷின் டக்கு டக்கென்று ஆடிக்கொண்டிருக்கும். மாமியார் பேச்சு, பிள்ளைகள் பேச்சு, எந்த டாக்டர் யாரைத் திட்டினார் என்ற பேச்சு. பேச ஒன்றும் இல்லாவிட்டால் இருவரும் மேஜையில் தலை சாய்த்துப் பத்து நிமிடம் தூங்குவோம். அந்தத் தூக்கம் மாதிரி ஒரு தூக்கம் அப்புறம் எனக்கு வாய்க்கவே இல்லை. இப்போது நினைத்தாலும் அந்த அறைக்குள் போய் அவளுக்குப் பக்கத்தில் தலை சாய்த்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

அதைக் கெடுத்தது நான்தான். எப்படி என்று சொல்கிறேன்.

பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால், குழந்தைகள் வார்டில் ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று மாதக்கணக்கில் இருந்தது. எலும்பு மஜ்ஜை வேலை செய்யாத நோய். தட்டணு தானாக ஊறாது, நாங்கள் ஏற்றுவதுதான். ஒரு நாள் காலையில் மூக்கில் ரத்தம் வந்தது. கால் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். அன்று பார்த்து என் தட்டுகள் காலி, டெங்குக் காய்ச்சல் காலம், இருந்ததெல்லாம் முந்தின நாளே தீர்ந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து சாயங்காலம் ஐந்து மணி வண்டியில் இரண்டு பை அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள்.

ஒன்பது மணிக்கு அந்தக் குழந்தையின் அம்மா என் அறை வாசலில் வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். மூன்று பெற்றவள், இவள் கடைக்குட்டி. சட்டைக் கையை அதற்குள்ளாகவே சுருட்டிவிட்டிருந்தாள்.

"எங்கிட்ட எடுத்துக்கோங்கக்கா. என் புள்ளைக்கு என் ரத்தத்தைவிட எது சேரும்?"

நானும் அதையேதான் நினைத்தேன். அப்போது எல்லாருமே அப்படித்தான் நினைத்தோம். சொந்தத்தில் கொடுக்க ஆளிருந்தால் எங்கள் ரத்த வங்கியில் அதற்குத் தனி மரியாதை. அதிலும் பெற்றவள், ஒரே குரூப், நோய் நொடி இல்லாத உடம்பு. வேறென்ன வேண்டும்?

வார்டுக்குப் போன் போட்டேன். சொட்டுதான் எடுத்தாள். விஷயத்தைச் சொன்னதும், "சாயங்காலம் வண்டி வருதேக்கா. மூக்குல இப்ப ரத்தம் நின்னுருக்கு. பொறுத்துக்கலாமே" என்றாள்.

"ஏண்டி, பெத்தவ கையை நீட்டிக்கிட்டு நிக்கிறா. நீ யாரோ ஊர் பேர் தெரியாதவன் ரத்தத்துக்காகக் காத்துக்கிட்டு இருப்பியா?"

"இல்லக்கா, சும்மா தோணுச்சு."

"தோணுறதையெல்லாம் வீட்ல வெச்சுட்டு வா."

ஏன் தோன்றியது என்று அவளுக்கும் தெரியாது, நானும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் புதிதாக வந்திருந்த பிரிக்கிற மெஷினை ஓட்டிப் பார்க்க எனக்குக் கை துறுதுறுத்தது. பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டார். எடுத்தேன், இரண்டு முறை சுழற்றினேன், பிரித்தேன், தட்டணுக்கள் திரண்ட கட்டி கரைய ஒரு மணி நேரம் விட்டேன். நல்ல தட்டணுவை வெளிச்சத்தில் பிடித்து மெல்லச் சாய்த்தால் பட்டுத்துணி மாதிரி மினுக்கும். அது மினுக்கியது. பையை நானே எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

"பாருங்க, உங்க ரத்தம். தங்கம் மாதிரி இருக்கு" என்று அந்த அம்மாவிடம் காட்டினேன். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. குழந்தையிடம், "பாத்தியா, அம்மா செஞ்ச ஜூஸு" என்றாள்.

இரண்டு மணி பத்து நிமிடத்துக்குப் பை ஏறியது. சொட்டு குழாயில் உள்ள சக்கரத்தைத் திருகி, கடிகாரத்தைப் பார்த்து, உதட்டை அசைத்து எண்ணினாள். "நாப்பது" என்றாள். குழந்தையின் எடைக்கு அதுதான் கணக்கு, அரை மணி நேரத்தில் பை முடியும். பத்து நிமிடம் நான் அங்கேயே பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து குழந்தையோடு வாயாடிக்கொண்டிருந்தேன். சொட்டு சக்கரத்தை மறுபடி தொடவில்லை. பிறகு கீழே மெஷினில் வேறு ரத்தம் கிடந்தது ஞாபகம் வந்து இறங்கிவிட்டேன்.

மூன்றரைக்குக் குழந்தைக்கு மூச்சு முட்டியது. உதடு நீலம். வாயில் இளஞ்சிவப்பாக நுரை. எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் வெள்ளை வெளேரென்று இருந்தன. தொண்டையில் குழாய் போட்டு மூன்று நாள் மெஷின் மூச்சு. நான்காம் நாள் காலையில் குழாயை எடுத்தார்கள், பிழைத்துக்கொண்டது. அந்த மூன்று நாளும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வார்டு டாக்டர் எழுதிவிட்டார்: திரவம் வேகமாக ஏற்றப்பட்டதால் நுரையீரலில் நீர் கோத்தது. அவருக்குத் தெரிந்த காரணம் அது ஒன்றுதான். எங்களில் யாருக்கும் வேறு காரணம் தெரியாது. நாற்பது சொட்டு என்று சொட்டு எழுதியிருந்த தாளைப் பார்த்து, "அப்புறமா எழுதியிருப்பாங்க" என்றார். அந்த அம்மா வராந்தாவில் எல்லார் முன்னாலும் சொட்டுவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "என் ரத்தத்தை எடுத்து என் புள்ளையவே மூழ்கடிச்சிட்டியே" என்று கத்தினாள். சொட்டு கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

விசாரணை வைத்தார்கள். ஒரு மேஜை, மூன்று பேர். என்னையும் கூப்பிட்டார்கள்.

"பை முடியிற வரைக்கும் அங்க இருந்தீங்களா?"

"இல்லை."

"சரி, நீங்க போகலாம்."

எழுந்து வந்துவிட்டேன். பெரிய டாக்டரிடமே வாயாடினவள், அன்றைக்கு, "பத்து நிமிஷம் இருந்தேன் சார், நாப்பதுலதான் ஓடுச்சு, என் கண்ணால பார்த்தேன்" என்று சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாகிவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நிஜம் அது இல்லை. இன்னும் கொஞ்சம் நின்றால், "வண்டிக்கு ஏன் காத்திருக்கலை?" என்று கேட்பார்களோ என்று பயம்.

சொட்டுவை ஆறு மாதத்துக்கு மருந்துக் கிடங்குக்கு மாற்றி, அவள் ஃபைலில் ஒரு வரி எழுதினார்கள். அவள் கிடங்குக்குப் போகவில்லை, வேலையையே விட்டுவிட்டாள். கடைசி நாள் டப்பாவை எடுத்துக்கொண்டு போக என் அறைக்கு வந்தாள்.

"அக்கா, நான் நாப்பதுலதானே வெச்சேன்?"

"ஆமாண்டி."

"அப்புறம் எப்படி ஆச்சு?"

"தெரியலையே" என்றேன். அப்போது நிஜமாகவே தெரியாது.

முதலில் மாதம் ஒருமுறை அவள் வீட்டுக்குப் போவேன். பிறகு விசேஷ நாட்களில் மட்டும். பிறகு போன்.

பதினோரு வருடம் கழித்து எங்களைப் போன்ற தொழில்நுட்பர்களுக்கு இரண்டு நாள் வகுப்பு நடந்தது. சாப்பாடு நன்றாக இருக்கும், பின் வரிசையில் தூங்கலாம் என்றுதான் போனேன். என் மகளைவிடச் சின்ன வயதுப் பெண் டாக்டர் ஒருத்தி மேடையேறினாள். தலைப்பு, தட்டணு ஏற்றும்போது உடம்புக்கு ஏன் ஒத்துக்கொள்வதில்லை என்பது. பையில் தங்கிப்போன வெள்ளை அணுக்கள் கசியவிடும் பொருட்களால் காய்ச்சலும் நடுக்கமும் வரும் என்றாள். மஞ்சள் நீரில் உள்ள புரதத்தால் சிலருக்கு உடம்பெல்லாம் தடிக்கும். ஃப்ரிட்ஜில் வைக்காமல் அறைச் சூட்டில் ஆட்டுகிறோமே, அந்தச் சூடு கிருமிக்கும் பிடிக்கும், ஆகவே பையில் கிருமி வளரலாம். எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். கண் சொக்கியது.

அப்புறம் அவள் பலகையில் ஒரு கர்ப்பிணியை வரைந்தாள். வயிற்றுக்குள் குழந்தை. குழந்தையின் அணுக்களில் பாதி அடையாளம் அம்மாவுடையது, பாதி அப்பாவுடையது. அந்த அப்பா பாதி அம்மாவின் உடம்புக்கு அந்நியம். பிரசவத்தில் அது கொஞ்சம் அவள் ரத்தத்தில் கலந்துவிட்டால், அவள் உடம்பு அதற்கு எதிராக ஒரு காவலை உண்டாக்கிக்கொள்ளும். பிள்ளை கூடக்கூடக் காவலும் கூடும். அவளுக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை, வருடக்கணக்கில் சும்மா இருக்கும். ஆனால் அவள் ரத்தத்தின் மஞ்சள் நீரை எடுத்து அதே குழந்தைக்கு ஏற்றினால், அந்தக் காவல் குழந்தையின் வெள்ளை அணுக்களைப் பார்த்து, நுரையீரலில் வைத்துப் பிடித்துக்கொள்ளும். சில மணி நேரத்தில் மூச்சு முட்டும். எக்ஸ்ரே வெள்ளையாக இருக்கும்.

"நிறையப் பேர் இதை, வேகமா ஏத்தினதால நீர் கோத்துக்கிச்சுன்னு தப்பா நெனச்சிடுவாங்க" என்றாள். "வேகத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. பெத்த அம்மாகிட்ட எடுத்துக் குழந்தைக்கு ஏத்தாதீங்க."

எழுந்து வெளியே போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினேன். கழுவிக்கொண்டே இருந்தேன், யாரோ வந்து தண்ணீர் வீணாகிறது என்று சொல்லும்வரை.

அன்றைக்கே சொட்டுவுக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன், அடுத்த வாரம் நேரில் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். சொன்னால் அந்த அம்மாவுக்கும் தெரியும், தன் ரத்தம்தான் என்று தெரிந்தால் உடைந்துபோவாள் என்று ஒரு காரணம் கண்டுபிடித்தேன். பேருக்குத்தான் அந்தக் காரணம். வண்டி வரும்வரை பொறுக்கலாம் என்று சொன்னவளை நான் வாயடைத்தேன். பிறகு அவளுக்காக வாயைத் திறக்காமலும் இருந்தேன். இதை எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? போனும் நின்றது. பதினோரு வருடம் எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் எட்டு வருடம் தெரியும்.

அந்த அம்மாவோ என்னைத் தேடி வந்துகொண்டே இருந்தாள். குழந்தை ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்குப் போன தேதியில் வருடா வருடம் வந்து ரத்தம் கொடுப்பாள். குழந்தைக்கு நோயும் இரண்டு வருடத்தில் சரியாகிவிட்டது, நன்றாகப் படித்தது, இப்போது வெளியூரில் வேலை. "யாரோ குடுத்ததாலதானே என் புள்ள இருக்கா" என்பாள். வகுப்புக்குப் போய் வந்ததிலிருந்து நான் அவளுடைய பையில் சிவப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மஞ்சளை யாருக்கும் தெரியாமல் கொட்டிவிடுவேன். ரெஜிஸ்டரில் அவள் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. மையால் எழுதினால் காரணம் எழுத வேண்டும், காரணம் எழுதினால் பழைய ஃபைல் திறக்கும்.

இந்த வருடம் எனக்கு அறுபது. ரிட்டயர்மென்ட். அவள் வருகிற தேதிக்கு எனக்கு நான்கே நாள்தான் சர்வீஸ் மீதி. எனக்குப் பிறகு வரப்போகிற பெண் கெட்டிக்காரி, ஒரு சொட்டு மஞ்சளை வீணாக்க மாட்டாள். அடுத்த வருடம் அந்த மஞ்சள் எந்தக் குழந்தைக்குப் போகுமோ. பென்சில் புள்ளிக்கு அர்த்தம் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அதற்குமேல் மென்று விழுங்க முடியவில்லை. தேதிக்கு இரண்டு நாள் முன்னால் காலையில் சொட்டுவின் கடைக்குப் போனேன்.

கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். கண்ணாடி போட்டிருந்தாள், முடி பாதி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் மெஷின் மூடியைத் திறந்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள்.

"வா. உக்காரு. அந்த ஸ்டூல் ஆடும், பார்த்து."

உட்கார்ந்தேன். ஆடியது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். சொல்ல ஆரம்பித்தேன். நடுவில் ஒரு வக்கீல் குமாஸ்தா வந்தார். "ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா?" என்று அவரிடம் கேட்டுவிட்டு, "நீ சொல்லு" என்றாள் என்னிடம். மெஷினின் பச்சை வெளிச்சம் அவள் முகத்தில் போய்ப் போய் வந்தது. இருபது தாள் அவள் எடுத்து முடிப்பதற்குள் நான் சொல்லி முடித்துவிட்டேன்.

குமாஸ்தா போனார். சொட்டு தாள்களை அடுக்கினாள். தட்டிச் சரிசெய்தாள். மறுபடியும் தட்டினாள்.

"மூணரைக்குத்தானே ஆரம்பிச்சது?"

"மூணரை."

"பை முடிஞ்சது ரெண்டு நாப்பது. காய்ச்சல் அடிச்சது. பிரஷர் ஏறலை, இறங்குச்சு. நீர் அதிகமானா ஏறத்தானே செய்யும்? அன்னைக்கே அந்த டாக்டர்கிட்ட கேட்டேன். கேக்குறதுக்கு நீ யாருன்னார்."

"ஆமாண்டி. அதுதான். அது வேகத்தால வந்ததே இல்லை."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உனக்கு ஒண்ணு சொல்லட்டுமா? மொதல் ரெண்டு வருஷம், நான் நாப்பதுல வெச்சேன்னு நல்லாத் தெரியும் எனக்கு. யார் சொன்னாலும் உள்ளுக்குள்ள, போங்கடான்னு இருப்பேன். அப்புறம் எப்பவோ ஒரு நாள், சக்கரத்தைக் கொஞ்சம் கூடத் திருகின மாதிரி ஞாபகம் வந்துச்சு. அப்புறம் அதுதான் வருது. என் விரல் திருகுறது தெரியுது, வேகமா விழுறது தெரியுது. கண்ணை மூடினா அந்தக் குழந்தை வாயில நுரை. என் பேத்திக்கு மருந்து ஊத்தச் சொன்னாக்கூட மாட்டேன்னுடுவேன். மருமக என்னமோ நான் சோம்பேறின்னு நெனச்சிட்டிருக்கா."

"நீ கூடத் திருகலைடி. பத்து நிமிஷம் நான் பக்கத்துலயே இருந்தேன். நாப்பதுலதான் ஓடுச்சு. நீ தொடவே இல்லை."

"அந்தப் பத்து நிமிஷத்தை அன்னைக்கே மேஜையில சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருக்கணும்."

"ஏன் சொல்லலை?"

"பயந்துட்டேன்."

"நீயா பயந்தே?" என்றாள். சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. "வகுப்பு எப்ப நடந்துச்சுன்னு சொன்னே?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். வராமல் போய்விடாதா என்றும் ஒரு நப்பாசை.

"எட்டு வருஷம் ஆச்சு."

மெஷின் வேலையில்லாமல் உறுமிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து அதை அணைத்தாள்.

"எட்டு வருஷமா நீ வரலை, போன் பண்ணலை. நீயும் என்னைக் குற்றவாளின்னு முடிவு பண்ணிட்டேன்னு நெனச்சேன். எல்லாரும் நெனச்சப்பக்கூட, தட்டக்கா ஒருத்தி நம்பலைன்னுதான் இருந்தேன். அதுவும் போச்சேன்னு எவ்வளவு அழுதிருக்கேன் தெரியுமா உனக்கு?"

அழுதேன். அவள் அழவில்லை, தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். நர்ஸ் புத்தி.

"அந்த அம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது. சொன்னா உடைஞ்சு போயிடுவாளோன்னு..."

"எனக்கு எட்டு வருஷமா நீயே முடிவு பண்ணினே. அவளுக்கும் நீயே முடிவு பண்றியா? இதுல அவ தப்பு என்ன இருக்கு உடைஞ்சு போக? என்னைக்கு வரா?"

"நாளை மறுநாள். பத்து மணிக்கு."

"நானும் வரேன்."

வந்தாள். பத்தொன்பது வருடம் கழித்து அந்த வராந்தாவில் நடந்தாள். பார்த்தவர்கள் யாருக்கும் அவளைத் தெரியவில்லை, எல்லாம் புது ஆட்கள். என் அறையில் மெஷின் புதிது, சத்தமே இல்லை. நாங்கள் சாப்பிட்ட மேஜை மட்டும் அதே மேஜை. அவள் அதன்மேல் கையை வைத்துவிட்டு உடனே எடுத்துக்கொண்டாள்.

அந்த அம்மா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே உள்ளே வந்தாள். சொட்டுவைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது. முகம் இறுகிவிட்டது.

நான் ஆரம்பித்தேன். அணு என்றேன், அடையாளம் என்றேன், குழறிக் கொட்டினேன். அந்த அம்மாவுக்குக் கடைசியில் ஒன்றுதான் புரிந்தது.

"அப்ப என் ரத்தம்தான் அவளை..."

"இல்லைம்மா, இங்க பாருங்க" என்று சொட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளுக்கு எதிரில் உட்கார்ந்தாள். "மூணு புள்ளையைச் சுமந்தீங்க இல்ல? சுமந்ததுல உங்க உடம்புல ஒண்ணு தங்கிடுச்சு. அது தங்கினது உங்களுக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. அப்ப தெரிஞ்சிருந்தா உங்ககிட்ட எடுத்திருக்கவே மாட்டோம். அதுல உங்க தப்பு ஒண்ணும் இல்லை. ரத்தத்துல கெடுதலும் இல்லை. மஞ்சத் தண்ணியை மட்டும் யாருக்கும் குடுக்கக் கூடாது, அவ்வளவுதான். சிவப்பைத் தாராளமா குடுங்க."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். இதைச் சொல்லத்தான் எனக்கு எட்டு வருடம் போதவில்லை.

அந்த அம்மா உடையவில்லை. சொட்டுவை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்களை நான் எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா சிஸ்டர்?"

"தெரியுமே. எல்லாம் என் முகத்துக்கு நேராத்தானே திட்டினீங்க."

"அது கொஞ்சம். வீட்டுக்குப் போய்த் திட்டினதுதான் நிறைய. என் மகளுக்குச் சொல்லியே வளர்த்திருக்கேன், ஒரு நர்ஸ் வேகமா விட்டுட்டான்னு. அப்ப நீங்க வேகமா விடலையா?"

சொட்டு என்னைப் பார்க்கவில்லை. அவளுடைய வலது கை கட்டைவிரல் ஆள்காட்டி விரலின்மேல் மெல்ல நகர்ந்தது. சக்கரத்தைத் திருகுகிற மாதிரி. கொஞ்சம் நகர்ந்து நின்றது. அதற்குமேல் போகவில்லை.

"விடலைம்மா" என்றாள். "நான் வேகமா விடலை."

சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அந்த அம்மா எழுந்து வந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "என் மககிட்ட இன்னைக்கே போன்ல சொல்றேன் சிஸ்டர், இன்னைக்கே சொல்றேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் ரெஜிஸ்டரை எடுத்து, பென்சில் புள்ளியை அழித்துவிட்டு, மையால் காரணத்தை எழுதினேன். தேதி போட்டேன். பழைய நாள், குழந்தை, வண்டி, பத்து நிமிடம் எல்லாவற்றையும் தனியாக ஒரு தாளில் எழுதி, இப்போதைய டாக்டர் மேஜையில் வைத்தேன். என்ன செய்வார்களோ செய்துகொள்ளட்டும், பென்ஷனில் கை வைத்தாலும் சரி.

இருவரும் சேர்ந்தே கிளம்பினார்கள். வாசலில் சொட்டு செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது மனதைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டேன்.

"என் மேல கோபமா?"

"ஆமா."

"எப்ப போகும்?"

"நீ எட்டு வருஷம் எடுத்துக்கிட்டே இல்ல, எனக்கும் எட்டு வருஷம் குடு" என்றாள். அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

எனக்கு அறுபது வயது. சர்க்கரை கொஞ்சம் இருக்கிறது, முட்டிவலி நிறைய இருக்கிறது. அறுபத்தெட்டு வரைக்கும் தாக்குப்பிடித்தாக வேண்டும். டீக்குச் சர்க்கரையை நிறுத்திவிட்டேன். காலையில் நடக்கவும் ஆரம்பித்திருக்கிறேன்.